மூணாம் தொட்டியில் சைபர்

— அந்த நாற்காலி வேண்டாம்க்கா, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. தண்ணி குடிக்கிறியா?

— நான் உக்கார வரல. இந்தத் திரையில எதுடா மூணாம் தொட்டி?

— அக்கா, நீ இங்க வரவே கூடாது. கன்ட்ரோல் ரூமுக்குள்ள வெளியாள விட்டது தெரிஞ்சா மேனேஜர் என்னைத் தொலைச்சுடுவாரு. யாரு உன்னை உள்ள விட்டது?

— கேட்டுல இருக்கிற பெரியவரு. ஃபிட்டர் வீட்டம்மான்னு சொன்னேன், மறுபேச்சு பேசாம திறந்து விட்டாரு. வெளியாளாம்ல, வெளியாளு! இந்தக் கழிவுத் தண்ணி நாத்தத்தப் பதினாலு வருஷமா உங்க மாமா சட்டையில துவைச்சவடா நான்.

— சரி, சரி, சத்தம் போடாத. மாமா எப்படி இருக்காரு? அதச் சொல்லு மொதல்ல. உள்ள வரும்போதே செல்போன வாங்கி வெச்சுடறாங்க. காலையில ஆறு மணியிலேருந்து எனக்கு ஒரு சேதியும் இல்ல.

— டாக்டர்கிட்ட பேசிட்டுத்தான் வர்றேன். அந்தக் கதை அப்புறம். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— நேத்து விரல் அசைஞ்சுதுன்னியே?

— ஆமா. நேத்து சாயந்திரம் பாப்பா கையப் புடிச்சா, அசைஞ்சுது.

— பாத்தியா! நான் சொல்லல? விரல் அசைஞ்சா மூளை முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். மாமா கெட்டியான ஆளு. இப்ப பக்கத்துல யாரு இருக்கா?

— என் சின்ன நாத்தனார் இருக்கா. இத பாரு, பேச்ச வளக்காத. எது மூணு?

— இதோ. நாலு கட்டம் இருக்கு பாரு, நாலு தொட்டிக்கும். இடது பக்கத்துலேருந்து மூணாவது. கட்டத்துக்குள்ள இருக்கிற நம்பர்தான் விஷவாயு அளவு.

— பச்சையா இருக்கே?

— பச்சைன்னா வாயு இல்ல, ஆளு எறங்கலாம். மஞ்சள்னா யோசிக்கணும். சிவப்புன்னா ஒருத்தனும் கிட்டப் போகக் கூடாது.

— முந்தாநாள் அவரு எறங்கினப்ப என்ன நெறத்துல இருந்துச்சு?

— அக்கா, இதெல்லாம் மூணு மணிக்கு விசாரணையில பேசத்தான் போறாங்க. பெரிய ஆபீஸ்லேருந்து மூணு பேரு வர்றாங்க. நீ எதுக்கு இப்ப...

— மூணு மணிக்கு என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். நேத்தே உங்க மேனேஜர் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு ஒப்பிச்சுட்டுப் போயிட்டாரு. 'உங்க வீட்டுக்காரர் யாரையும் கேக்காம தானா எறங்கிட்டாரும்மா, லேசா குடிச்சிருந்தாருன்னும் பேசிக்கிறாங்க'ன்னாரு. பக்கத்துல பாப்பா நிக்கிறா. பத்து வயசுப் புள்ள. அவ காதுல விழுதேங்கிற நெனப்புகூட அந்த மனுஷனுக்கு இல்ல. வீட்டுக்கு வந்து, 'அப்பா குடிப்பாராம்மா'ன்னு கேக்குறா என்னை.

— குடின்னெல்லாம் நான் சொல்லவே இல்லக்கா. சத்தியமா சொல்லல. அது அந்தாளா சேத்துக்கிட்டது.

— அப்ப கேக்காம எறங்கினாருன்னு சொன்னது நீதான். சரிதான். மேனேஜர் மேல பழி போடலாமுன்னு வந்தேன். என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு.

— அக்கா, அன்னிக்கு அவசரம். பம்ப் அடைச்சுக்கிச்சு. தண்ணி விறுவிறுன்னு ஏறுது. ஆளாளுக்குக் கத்துறாங்க. அந்தச் சந்தடியில மனுஷன் ஒரு தடவ கேக்காம எறங்கியிருக்கக் கூடாதா?

— யாரு, உங்க மாமாவா? குளிக்கப் போனா தண்ணி சூடா இருக்கான்னு ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் கைய வெப்பாரு. பஸ்ல ஏறினா இது நம்ம பஸ்தானான்னு டிரைவரக் கேப்பாரு, கண்டக்டரக் கேப்பாரு, உக்காந்த பெறகு பக்கத்து சீட்டுக்காரனையும் கேப்பாரு. எத்தனை பேரு சிரிச்சிருப்பாங்க! நீயே சிரிச்சிருக்க. என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி சம்மதமான்னு மூணு தடவ கேட்டாரு. மூணாவது தடவ எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அந்த மனுஷன் விஷவாயுத் தொட்டியில கேக்காம கால வெச்சாராம். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா அத.

— உன் மூஞ்சியப் பாத்தா திரைய யாரு பாக்குறது? நான் வேலையில இருக்கேன்க்கா.

— கன்ட்ரோல், கன்ட்ரோல். சார், பம்ப்காரன் பேசறேன். கேக்குதா?

— இரு அக்கா, வாக்கிடாக்கி கூப்புடுது. ம், கேக்குது, சொல்லு.

— ரெண்டாம் தொட்டியில சல்லடை அடைச்சுக் கெடக்கு சார். எறங்கித்தான் எடுக்கணும். வாயு எவ்வளவு? சார், தப்பா நெனைக்காதீங்க, அன்னிக்கு ஃபிட்டரண்ணன் கேட்டப்ப சட்டுனு சைபர்னீங்களே, அந்த மாதிரி வேணாம். நல்லா உத்துப் பாத்துச் சொல்லுங்க. நான் புள்ளகுட்டிக்காரன்.

— டேய், டேய்... எறங்காத. திரையில சைபர்தான் காட்டுது. ஆனா அத நம்பாத. வாயு அளக்குற கைமீட்டரக் கயித்துல கட்டி அடிவரைக்கும் எறக்கிப் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் எறங்கக் கூடாது.

— சரி சார். ஃபிட்டரண்ணன் எப்படி இருக்காரு சார்?

— வாக்கிய வைடா!

— அவன் மேல ஏன் பாயற? பாவம், அவன் விசாரிச்சான். நீ மொதல்ல அதக் கீழ வை.

— அக்கா...

— அப்ப கேட்டிருக்காரு. நீ பதிலும் சொல்லியிருக்க. அது எல்லார் வாக்கியிலயும் கேட்டிருக்கு. நேத்து இங்கேருந்து பன்னெண்டு பேரு ஆஸ்பத்திரிக்கு வந்து தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாங்க. துக்கத்துல நிக்கிறாங்கன்னு நெனச்சு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன்டா. அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

— அவங்கள ஒண்ணும் சொல்லாத. பாதிப்பேரு ஒப்பந்த ஆளுங்க. வாயத் திறந்தா மறுநாள் கேட்டுக்குள்ள விட மாட்டாங்க.

— அவங்கள நான் கேக்கவே இல்ல. உன்னைக் கேக்குறேன். அவரு என்ன கேட்டாரு? அப்படியே சொல்லு.

— 'மாப்ள, மூணுல எவ்வளவு'ன்னாரு.

— நீ?

— 'சைபர் மாமா, எறங்குங்க'ன்னேன். திட்டுக்கா. நாலு அறை விடு.

— அப்ப திரை பொய் சொல்லிச்சா, நீ பொய் சொன்னியா?

— திரையில சைபர்தான் இருந்துச்சு. பச்சையாத்தான் இருந்துச்சு.

— பச்சையா இருந்தா உள்ள போனவரு எப்படிடா மூச்சு முட்டி விழுவாரு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் தையல் கம்பெனியில மெஷின் ஓட்டுறவ. உன்னை மாதிரி டிப்ளமா படிச்சவ இல்ல.

— அந்த டிப்ளமாவப் படிக்க வெச்சதே நீதானே. குத்திக் காட்டாத.

— குத்தல. கேக்குறேன்.

— கதை என்னன்னா... இந்தக் கம்ப்யூட்டர் தொட்டியப் பாத்ததே இல்லக்கா. அதுக்குக் கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. தொட்டிக்குள்ள ஒரு சென்சார் தொங்குது, உள்ளங்கை அளவுல. அங்கேருந்து இங்க வரைக்கும் முந்நூறு மீட்டர் வயரு. அந்தச் சென்சார் வயர்ல கொஞ்சூண்டு கரண்ட் அனுப்பும். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச பேச்சு. அதோ, பின்னாடி பீரோ மாதிரி நிக்குது பாரு, அந்தப் பேனலுக்குள்ள இருக்கிற கார்டு ஒண்ணு அந்தக் கரண்ட்ட அளந்து கம்ப்யூட்டருக்கு நம்பரா மாத்திக் குடுக்கும். நாலு மில்லியாம்ப் வந்தா வாயு சைபர். இருபது வந்தா, எறங்கினவன் ஏறி வர மாட்டான். நடுவுல எவ்வளவு வருதோ அதுக்குத் தக்க நம்பர்.

— சைபருக்கு எதுக்குடா நாலு? ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணும் அனுப்பாம இருக்க வேண்டியதுதானே?

— அங்கதான் சூட்சுமமே. ஒண்ணுமே வரலேன்னு வெச்சுக்கோ, உள்ள வாயு இல்லேன்னு எடுத்துக்குவியா, வயரு அறுந்துபோச்சுன்னு எடுத்துக்குவியா? ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணுமில்ல? அதுக்குத்தான் வாயு இல்லாதப்பகூட அது நாலு அனுப்பிக்கிட்டே இருக்கும். நான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்னு. நாலுக்கும் கீழ எறங்கிச்சுன்னா கம்ப்யூட்டர் மணி அடிச்சுடும்.

— யோசிச்சுத்தான் பண்ணியிருக்காங்க. அப்ப எங்க கெட்டுச்சு?

— மூணாம் தொட்டிச் சென்சார் கெட்டுப்போச்சு. இது நடக்குறதுக்குப் பதினஞ்சு நாளு முன்னாடியே. மணி அடிக்க ஆரம்பிச்சுது. பொத்தான அமுக்கினா ரெண்டு நிமிஷம் வாய மூடும், மறுபடி அடிக்கும். எட்டு மணி நேரமும் இதே பொழப்பு. வீட்டுக்குப் போனா காதுக்குள்ள அடிக்குது. சாப்பிட உக்காந்தா அடிக்குது. புதுச் சென்சார் வேணும்னு எழுதிக் குடுத்தேன், ரெண்டு மாசம் ஆகும்னுட்டாங்க. போதாக்குறைக்கு, ஒருநாளைக்கு எத்தனை மணி அடிச்சுதுன்னு இந்தக் கம்ப்யூட்டரே எண்ணிப் பெரிய ஆபீஸுக்கு அனுப்பிடும். அங்கேருந்து மேனேஜருக்கு டோஸ் விழுது. அவரு இங்க வந்து குதிக்கிறாரு. 'என்னமோ பண்ணு, எனக்கு இந்தச் சத்தம் கேக்கக் கூடாது'ன்னாரு.

— நீயும் என்னமோ பண்ணின.

— டம்மி போட்டேன்.

— அப்படின்னா?

— தீப்பெட்டி அளவுல ஒரு டப்பா. வயரு ஒழுங்கா இருக்கான்னு சோதிச்சுப் பாக்குறதுக்கு வெச்சிருப்போம். நாம எவ்வளவுன்னு திருகி வெக்கிறோமோ அவ்வளவு கரண்ட அது அனுப்பிக்கிட்டே இருக்கும். பேனலுக்குள்ள சென்சார் வயரக் கழட்டிட்டு அந்த எடத்துல இத மாட்டினேன். நாலுல வெச்சேன். மணி நின்னுச்சு. என்ன ஒரு நிம்மதி தெரியுமா அக்கா! மேனேஜர் வந்து தோள்ல தட்டிட்டுப் போனாரு.

— கம்ப்யூட்டர் நம்பிடுச்சா?

— நாலு வந்தா அதுக்கு சைபர். அனுப்புறது யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? வயருக்கு அந்தக் கோடியில சென்சார் இருக்கா, டப்பா இருக்கான்னு கேக்க அதுக்கு வழியே இல்ல.

— புரியுது. எங்க கம்பெனியிலயும் இது உண்டு. துணி வெட்டுற மெஷின்ல மூடியத் திறந்தா கத்தி நின்னுடற மாதிரி ஒரு பொத்தான் இருக்கு. சும்மா சும்மா நின்னு உசுர வாங்குதுன்னு அத டேப் போட்டு ஒட்டிடுவோம். நானே ஒட்டியிருக்கேன்.

— அப்ப உனக்குத் தெரியுமில்ல! வேணும்னு யாரும் பண்ணுறதில்லக்கா, வேலை நடக்கணுமேன்னு...

— இரு. புரியுதுன்னுதான் சொன்னேன். டேப் ஒட்டினவளுக்கு, ஒட்டியிருக்குன்னு தெரியும்டா. அந்தக் கத்திக்குக் கீழ என் கைய விட மாட்டேன், இன்னொருத்தி கைய விடுன்னும் சொல்ல மாட்டேன். நீ மாட்டின டப்பா உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டேவா உங்க மாமாவ எறங்கச் சொன்ன?

— அய்யோ, இல்லக்கா! அப்படிச் சொல்லாத. என்னைப் பாரு, அப்படி மட்டும் நெனைக்காத. பேனல் கதவுல 'மூணு டம்மி'ன்னு சீட்டு எழுதி ஒட்டினேன். மூணு ஷிஃப்டுக்கும் வாயாலயும் சொன்னேன். மொத ரெண்டு நாளு அந்தக் கட்டம் கண்ணுல படும்போதெல்லாம் 'இது நெஜமில்ல, இது நெஜமில்ல'ன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அப்புறம் விட்டுப்போச்சு. பன்னெண்டு நாளா அதே பச்சை, அதே சைபர். பாத்துப் பாத்து அது நெஜமாவே ஆயிடுச்சு. மாமா கேட்டாரு, கண்ணு திரைக்குப் போச்சு, வாயி சொல்லிடுச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு. நாலு நிமிஷம் கழிச்சு, 'மாமா, பம்ப் கழண்டுச்சா'ன்னு கூப்புடறேன். பதில் இல்ல. மறுபடி கூப்புடறேன். பதில் இல்ல. அப்பத்தான் அந்தச் சீட்டு ஞாபகத்துக்கு வருது. ஓடினேன்க்கா. கயித்தப் புடிச்சு மொதல்ல இழுத்தது நான்தான். வேணும்னா யாரையாவது கேட்டுப் பாரு.

— அப்புறம்?

— ஆம்புலன்ஸ் வந்து ஏத்திட்டுப் போச்சு.

— நீ கூடப் போகலையே. அத நான் அன்னிக்கே கவனிச்சேன். பதறிப்போயி எங்கயாவது உக்காந்திருப்பான்னு நெனச்சேன். எங்க போன?

— இங்கதான் வந்தேன்.

— எதுக்கு?

— டம்மியக் கழட்டினேன். சீட்டக் கிழிச்சேன்.

— அவருக்கு மூச்சு இருக்கா இல்லையான்னுகூட அப்பத் தெரியாது. நீ சீட்டக் கிழிச்சுக்கிட்டு இருந்திருக்க.

— ஆமா.

— சீ!

— சொல்லிக்கோ. நீ சொல்ல எல்லா உரிமையும் இருக்கு. மேனேஜர் பின்னாலயே வந்து நின்னாரு. டப்பாவக் கையிலேருந்து வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. 'ஃபிட்டர் கேக்காம எறங்கினாரு, ஒரே வரி. நீயும் தப்பிச்ச, நானும் தப்பிச்சேன்'னாரு. மறுநாளு காலையில புதுச் சென்சார் வந்து தொங்குது. ரெண்டு மாசம்னு சொன்னவங்க ஒரே நாளுல கொண்டு வந்துட்டாங்க.

— படுபாவிங்க. சரி, ஒரு பேப்பர எடு. இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே எழுது.

— எழுதவா? வெளையாடுறியா? எழுதிக் குடுத்தா என் கதை முடிஞ்சுது. வீட்டுல அவ ஏழு மாசம்க்கா.

— தெரியும். மாசா மாசம் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறவ நான்தானே.

— கொஞ்சம் பொறு. மாமா கண்ணு முழிக்கட்டும். அவரே சொல்லட்டும், மாப்ளயக் கேட்டுட்டுத்தான் எறங்கினேன்னு. நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அவரு வாயால வந்தா அது வேற மாதிரிக்கா.

— படுத்துக் கெடக்குறவரு தலையில கட்டுறியா? விசாரணை மூணு மணிக்கு. அவரு தப்புன்னு எழுதிட்டாங்கன்னா, அப்புறம் யாரு வந்து அழிக்கிறது? பாப்பா பள்ளிக்கூடத்துல படிக்கிற அத்தனை புள்ளைங்களுக்கும் நான் வீடு வீடாப் போயிச் சொல்ல முடியுமா, எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டாரு, கேட்டுட்டுத்தான் எறங்கினாருன்னு?

— எனக்குப் பயமா இருக்குக்கா. வெக்கத்த விட்டுச் சொல்றேன், ரொம்பப் பயமா இருக்கு.

— கன்ட்ரோல்! கன்ட்ரோல்! சார்!

— சொல்லு, சொல்லு!

— சார், ரெண்டுல கைமீட்டரு கதறுது சார்! நூத்தத் தாண்டிருச்சு! உங்க திரையில என்ன காட்டுது?

— சைபர்.

— எப்படி சார்?

— எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு. மூடியத் தொடாதீங்க. காத்து வர்ற பக்கமாப் போயி நில்லுங்க. நான் சொல்றேன்.

— எங்கடா ஓடுற?

— பேனலுக்கு. கதவத் தள்ளிப் புடி அக்கா. ரெண்டாம் நம்பர் வயரு எங்க... இதோ. அய்யய்யோ.

— என்ன அது?

— டம்மி.

— நீ கழட்டினேன்னியே?

— இது நான் மாட்டினது இல்ல. அது மூணு, இது ரெண்டு. மத்த ஷிஃப்ட்காரன் எவனோ மாட்டியிருக்கான். ஒரு சீட்டுகூட ஒட்டல பாவி. நான் ஒருத்தன் பண்ணிட்டு நிம்மதியா உக்காந்திருந்ததப் பாத்துட்டு இவனும் பண்ணியிருக்கான்.

— முந்தாநாளு ஒருத்தர் அடிபட்ட பெறகுமா வந்து கழட்டல?

— கழட்ட வந்தா மாட்டினது இவன்தான்னு தெரிஞ்சுடுமே. என்னை மாதிரியே பயந்துக்கிட்டு இருந்திருப்பான்.

— சார், தள்ளி வந்துட்டோம். எல்லாரும் பத்திரம். நீங்க மட்டும் நம்பாதேன்னு சொல்லலேன்னா இந்நேரம் பாதி ஏணி எறங்கியிருப்பேன் சார்.

— போயித் தண்ணி குடி. இன்னிக்கு எந்தத் தொட்டியிலயும் எறங்குற வேலை கெடையாது. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு.

— மேனேஜர் கேட்டா?

— அவரு கேட்டாலும் என் பேரச் சொல்லு. வைக்கிறேன்.

— தம்பி.

— பேப்பரு அந்த மேசை இழுப்பறையில இருக்கு. எடுத்துக் குடு.

— இந்தா.

— உன்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமாக்கா? மறைக்காமச் சொல்றேன். ரெண்டு நாளா ஒரே நெனப்புதான் ஓடிச்சு. மாமாவுக்கு ஏதாவது ஆயிட்டா அது போலீஸ் கேஸு. சாவுக்குக் காரணமானவன்னு ஜெயில்ல வெப்பாங்க. அப்படி ஆகியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். உன்கிட்டகூட. விரல் அசைஞ்சுதுன்னு நேத்து நீ சொன்னப்பதான் எனக்கே மூச்சு வந்துச்சு. ஆளு பொழச்சுக்கிட்டா சஸ்பெண்டு பண்ணுவாங்க, மிஞ்சிப் போனா வேலை போகும். போகட்டும். அதத் தாங்கிக்கலாம்.

— ...

— என்னக்கா?

— ஒண்ணுமில்ல. எழுது.

— எப்படி ஆரம்பிக்க?

— உன் பேரு, வேலை. அப்புறம் டப்பா. அதுக்கப்புறம் அவரு கேட்டது. அவரு கேட்ட வார்த்தைய மாத்தாத. நீ சொன்னதையும் மாத்தாத.

— கேளு, வாசிக்கிறேன். 'மூன்றாம் தொட்டியின் சென்சார் பழுதானதால், மணி ஒலிப்பதை நிறுத்த, மேனேஜர் சொன்னதன் பேரில் நானே அதன் வயரைக் கழற்றிவிட்டு டம்மியை மாட்டினேன். பன்னிரண்டு நாட்களாக அது இருந்தது எனக்குத் தெரியும். அன்று ஃபிட்டர் தொட்டிக்குள் இறங்கும் முன் வாக்கியில் என்னிடம் வாயு அளவைக் கேட்டார். நான் சைபர் என்றும், இறங்கலாம் என்றும் சொன்னேன். அவர் கேட்காமல் இறங்கினார் என்று நான் முன்பு சொன்னது பொய்.' இது போதுமா?

— குடிச்சிருக்கல. அதையும் போடு.

— 'அவர் குடித்திருக்கவில்லை. அவர் குடிப்பவர் அல்ல.'

— ம். டம்மியக் கழட்டினதும் சீட்டக் கிழிச்சதும்?

— அதுவும் வேணுமா?

— வேணும். டப்பா யாருகிட்ட இருக்குன்னும் எழுது. ரெண்டாம் தொட்டியில இப்பப் பாத்ததையும் எழுது. பாதிய மென்னு முழுங்கினா அவங்க மீதிய வெச்சு உன்னையும் கவுப்பாங்க, அவரையும் கவுப்பாங்க.

— எழுதறேன். ...ஆச்சு. எல்லாம் எழுதிட்டேன்.

— கையெழுத்து?

— இதோ. தேதி போட்டாச்சு. நேரம் ஒண்ணு நாப்பத்தஞ்சு. கடைசியில என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியல பாரு, கோழி கிளறின மாதிரி.

— குடு இங்க.

— உன்கிட்ட எதுக்கு? மூணு மணிக்கு நானே குடுத்துடறேனே.

— என்கிட்ட இருக்கட்டும். உன் மேல எனக்கு நம்பிக்கை இல்லேன்னு வெச்சுக்கோ. நான்தான் எடுத்துக்கிட்டுப் போயி அவங்க கையில குடுப்பேன். பக்கத்துல நீ நிக்கணும்.

— நிக்கிறேன். நெஞ்சுல இருந்த பாறாங்கல்ல எறக்கி வெச்ச மாதிரி இருக்குக்கா. ரெண்டு நாளுக்கு அப்புறம் இப்பத்தான் பசிக்குதுன்னே தெரியுது. விசாரணை முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். மாமா கண்ணு முழிக்கும்போது எதிர்ல நான் நிக்கணும். கால்ல விழுந்துடுவேன். அவரு என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியும். 'மாப்ள, விடு, விடு'ம்பாரு. ஏன்க்கா ஒரு மாதிரி பாக்குற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா? ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு. சாப்பிட்டியா நீ?

— நீ கையெழுத்துப் போடுற வரைக்கும் அழக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்டா தம்பி. உங்க மாமா காலையில ஒம்பதே முக்காலுக்கே போயிட்டாரு.